கார் கூரையில் கூடாரம்: எதை வாங்குவது, வாங்கியபின் எப்படிச் சமாளிப்பது

கூரைக் கூடார விளம்பரங்கள் எல்லாவற்றிலும் ஒரே காட்சிதான். மலைச்சரிவில் வண்டி நிற்கிறது, அதன் தலையில் டென்ட் விரிந்திருக்கிறது, உள்ளே மஞ்சள் விளக்கு எரிகிறது. மறுநாள் காலை மழையில், நனைந்த கேன்வாஸை இரண்டு பேர் வண்டியின் படியில் நின்று அமுக்கி, உறைக்குள் திணித்து, ஜிப்பை இழுக்க முடியாமல் திண்டாடுவதை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. இரண்டு வகைக் கூடாரங்களோடு சில வருடங்கள் அலைந்தவன் நான். வாங்கும் முடிவை அந்த மழைக்காலையை மனதில் வைத்து எடுங்கள் என்பேன். விரிக்கும்போது எல்லா டென்டும் அழகாகத்தான் விரிகிறது. வித்தியாசமெல்லாம் மடிக்கும்போதுதான் தெரிகிறது.

மாடல்களைப் பார்க்கத் தொடங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசியாகப் போன இரண்டு மூன்று பயணங்களில் ஒரே இடத்தில் எத்தனை இரவு தங்கினீர்கள்? தினம் ஓர் ஊர், தினம் ஒரு மைதானம் என்று நகர்கிறவர் என்றால் கூரைக் கூடாரம் உங்களுக்கானது. இருட்டிய பிறகு வந்து சேர்ந்தாலும் கல் பொறுக்கி, முளை அடித்து, பாய் விரிக்கும் வேலை கிடையாது. தரை சேறாக இருந்தாலும் மேடு பள்ளமாக இருந்தாலும் படுக்கைக்குக் கவலையில்லை. ஆனால் ஒரே இடத்தில் நான்கு நாள் தங்கி, பகலில் சுற்றிப் பார்க்கிறவர் என்றால் யோசிக்க வேண்டும். டென்ட் விரித்த வண்டி நகராது. தண்ணீர் பிடிக்கப் போகவேண்டும் என்றாலும், மருந்துக் கடைக்கு ஓடவேண்டும் என்றாலும், முதலில் வீட்டை மடித்து மூட வேண்டும். அப்படிப்பட்டவருக்கு மூன்று நான்கு கிலோ எடையுள்ள சாதாரணத் தரைக் கூடாரமும் நல்லதொரு மெத்தையும் போதும். மீதிப் பணத்தில் இன்னும் பல பயணங்கள் போய்வரலாம்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. பின் இருக்கைகளை மடித்துவிட்டு வண்டிக்குள்ளேயே தூங்குவது. ஆள் உயரமாக இருந்தால் கால் இடிக்கும், சாமான்களை முன் இருக்கைக்கு மாற்ற வேண்டும், புழுக்கமாகவும் இருக்கும். ஆனாலும் கூரைக் கூடாரம் வாங்க நினைப்பவர்கள் முதலில் இரண்டு இரவு இப்படித் தூங்கிப் பாருங்கள். வண்டியும் படுக்கையும் ஒன்றாக இருக்கும் வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவருமா என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும்.

எடைக் கணக்கு

சரி, வாங்குவது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்துத் திறக்க வேண்டியது வண்டியோடு வந்த கையேடு. கூரையில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அதில் போட்டிருக்கும். பல கார்களுக்கு 75 கிலோ. சிலவற்றுக்கு 50 மட்டுமே, பெரிய வண்டிகளுக்கு 100 அல்லது அதற்கு மேல். கண்ணாடிக் கூரை உள்ள வண்டியென்றால் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படியுங்கள். அளவு குறைவாக இருக்கலாம், ஏற்றவே கூடாது என்றும் எழுதியிருக்கலாம்.

இது ஓடும்போதுள்ள வரம்பு. இருவருக்கான டென்டுகள் பெரும்பாலும் 50 முதல் 80 கிலோவுக்குள் இருக்கும். 75 கிலோ வரம்புள்ள வண்டியில் 60 கிலோ டென்டை ஏற்றினால் 15 கிலோ மிஞ்சும் என்று நினைக்கத் தோன்றும். டென்டைத் தாங்கக் கூரையின் குறுக்கே மாட்டும் குறுக்குக் கம்பிகளும் ரேக்கும் 10 கிலோ இருக்கும், அதுவும் இதே கணக்கில்தான் வரும். உள்ளேயே மடித்து வைக்கும் தலையணை, போர்வை நான்கைந்து கிலோ. முடிந்தது. மழையில் நனைந்த கேன்வாஸ் குடித்திருக்கும் தண்ணீரை இன்னும் சேர்க்கவே இல்லை.

அதோடு, கூரைக்கு ஒரு வரம்பு, குறுக்குக் கம்பிகளுக்குத் தனியாக ஒரு வரம்பு. இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு. கரடுமுரடான பாதைக்குக் கம்பி தயாரிப்பாளர்கள் பலர் இன்னும் குறைவான எண்ணைத் தருவார்கள். சாதாரணச் சாலைக்கான எண்ணைப் பார்த்துவிட்டுக் காட்டுப்பாதையில் ஏறியவர்களின் கம்பிகள் வளைந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 75 கிலோதான் வரம்பு என்றால், இரவில் இரண்டு பேர் ஏறிப் படுத்தால் கூரை அமுங்கிவிடாதா? அமுங்காது. ஓடும் வண்டியின் வரம்பு சிறியதாக இருப்பதற்குக் காரணம் வேறு. பிரேக் போடும்போதும், வளைவில் திரும்பும்போதும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் மேலே இருக்கும் பாரம் தன் எடைக்கு மேல் கூடுதல் விசையோடு கம்பிகளை இழுக்கும். பாரம் உயரத்தில் இருப்பதால் வண்டி சாயும் ஆபத்தும் கூடும். நின்றுவிட்டால் இதெல்லாம் இல்லை. எடை, கூரையைத் தாங்கும் வண்டியின் தூண்கள் வழியாக அமைதியாகக் கீழே இறங்குகிறது. வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக அமெரிக்காவில் ஒரு பாதுகாப்பு விதி இருக்கிறது. அதன்படி இலகு ரக வண்டிகளின் கூரை, வண்டியின் சொந்த எடையைப் போல மூன்று மடங்கு விசையைத் தாங்கிக் காட்ட வேண்டும். ஆக, கூரையின் உடம்பு வலுவானதுதான். ஆனால் கம்பியும் அதைப் பிடிக்கும் கவ்விகளும் அந்த வலுவோடு செய்யப்பட்டவை அல்ல. நிற்கும்போது எவ்வளவு தாங்கும் என்று கம்பி தயாரிப்பாளர் தரும் எண்ணைத் தேடிப் பாருங்கள். அந்த எண்ணையே சொல்லாத கம்பியை வாங்காதீர்கள்.

சின்னக் காரில் கூரைக் கூடாரமா என்று சிரிப்பவர்களுக்கு ஒரு தகவல். பழைய கிழக்கு ஜெர்மனியில், வெறும் 26 குதிரைத்திறன் கொண்ட டிராபன்ட் காரின் தலையிலேயே கூடாரம் கட்டிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பினார்கள். இத்தாலியின் ஆட்டோஹோம் நிறுவனம் 1958-லேயே இந்தத் தொழிலில் இறங்கிவிட்டது. நேற்று முளைத்த மோகம் இல்லை இது. வண்டியின் பருமனைவிட எடைக் கணக்கு சரியாக வருவதுதான் முக்கியம்.

மேலே பாரம் ஏறிய வண்டியை ஓட்டுவது வேறு வண்டியை ஓட்டுவது போலத்தான். வளைவில் சற்றுத் தாமதமாகச் சாயும், பக்கவாட்டுக் காற்று அடித்தால் ஸ்டியரிங்கில் தெரியும். காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் கூடுகிறது. 80-இலிருந்து 100-க்குப் போனால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். எரிபொருள் மிச்சமாக வேண்டுமானால் மெலிந்த டென்ட் தேடுவதோடு வேகத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட் ஷெல்லா, ஹார்ட் ஷெல்லா

சாஃப்ட் ஷெல் என்பது புத்தகம் போல மடங்கி, பி.வி.சி. உறைக்குள் கட்டுண்டு கிடக்கும் வகை. ஏணியை நெம்புகோலாகப் பிடித்து இழுத்தால் தளத்தின் பாதி வண்டிக்கு வெளியே விரியும். அந்தப் பாதியின் பாரத்தை ஏணியே தாங்கும். விலை குறைவு, விரித்தால் இடம் தாராளம். வண்டிக்கு வெளியே நீளும் பாதிக்குக் கீழே மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கலாம், பக்கத் துணி மாட்டினால் அறையே கிடைக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த இடம் பெரிய வரம்.

நான் முதலில் வாங்கியது இதுதான். விரிக்கப் பத்து நிமிடம் ஆகும். மேல் துணியை நிமிர்த்தும் கம்பிகளை ஒவ்வொரு ஜன்னலுக்கும் வளைத்துச் செருக வேண்டும். இருட்டில் அந்தத் துளையைத் தேடும் நேரம் இதில் சேராது. மடிக்க இருபது நிமிடம். மழை என்றால் அரை மணி. துணியை உள்ளே தள்ளத் தள்ள ஒரு மூலை வெளியே பிதுங்கும், உறையின் ஜிப் முக்கால்வாசி வந்து நிற்கும், ஒருவர் மேலே ஏறி உட்கார்ந்து அமுக்க, மற்றவர் இழுக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை இது சண்டையில் முடியும்.

ஹார்ட் ஷெல் என்பது பெட்டி. இதில் இரண்டு ஜாதி. நாலு பக்கமும் சமமாக மேலெழும் பெட்டி வகை ஒன்று. ஒரு பக்கம் கீல் போட்டு முதலை வாய் திறப்பது போலத் திறக்கும் சரிவு வகை இன்னொன்று. கொக்கியை விடுவித்தால் கேஸ் ஸ்ட்ரட் (உள்ளே அழுத்திய வாயு அடைத்த தூக்குத் தண்டு) தானாகவே தூக்கிவிடும், இரண்டு நிமிடத்தில் படுக்கை தயார். பெட்டி வகையில் தலை இடிக்காத இடம் எல்லா மூலையிலும் ஒரே அளவு. சரிவு வகையில் வாசல் பக்கம் நிமிர்ந்து உட்காரலாம், கால் பக்கம் கூரை மூக்கைத் தொடும். எனக்குச் சரிவு வகையே பிடிக்கிறது. உடை மாற்றவும் உட்கார்ந்து படிக்கவும் ஒரு பக்கமாவது உயரம் இருந்தால் போதும். காற்று வீசும் திசைக்குக் கீல் பக்கத்தைக் காட்டி நிறுத்தினால் காற்று சரிந்து மேலே போய்விடும். பெட்டி வகை நாலு சுவரோடும் காற்றை எதிர்த்து நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. விலை அதிகம். அகலம் வண்டிக் கூரையின் அகலத்தோடு நின்றுவிடும். மூடும்போது துணி விளிம்பில் சிக்கிக்கொள்ளும். அதைத் தவிர்க்கச் சுற்றிலும் ஓர் எலாஸ்டிக் கயிறு போட்டிருப்பார்கள். அப்படியும் வண்டியைச் சுற்றி வந்து விரலால் உள்ளே தள்ளத்தான் வேண்டும். கேஸ் ஸ்ட்ரட் கடுங்குளிரில் சோம்பும், வருடங்கள் போகப் போக வலுவிழக்கும். மாற்றுப் பாகம் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். மேல் மூடியில் சோலார் தகடு, சாமான் என்று ஏற்றினால் ஸ்ட்ரட்டால் தூக்க முடியாமல் போகும்.

இன்னொன்று கடையில் யாரும் சொல்லாதது. புதிதாக வந்த ஹார்ட் ஷெல்லை என் மனைவி முதல் பயணத்திலேயே எடைபோட்டுவிட்டார். "ஏங்க, திறக்கிறது என்னால முடியுது. மூட எட்டவே இல்லையே. அப்ப இது யாருக்கு வாங்கினது?" உயரமான வண்டி, அதன் மேல் விரிந்த மூடி, அதிலிருந்து தொங்கும் பட்டை அவர் கைக்கு அரை அடி மேலே. பட்டையோடு இன்னொரு கயிறு முடிந்துதான் சமாளித்தோம். குடும்பத்தில் யார் குட்டையோ அவரைக் கடைக்குக் கூட்டிப்போய், மூடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டையும் கலந்த நாலாவது வகையும் இருக்கிறது. வெளியே கெட்டி ஓடு, உள்ளே புத்தகம் போல மடியும் தளம். தென்கொரியாவின் ஐகேம்பர் நிறுவனத்தின் ஸ்கைகேம்ப் இதற்கு நல்ல உதாரணம். நாலு பேர் படுக்கும் இடமும் கிடைக்கும், மூடுவதும் சுலபம். எடையும் விலையும் இரண்டும் ஏறும், எனவே எடைக் கணக்கு இடம் தந்தால் மட்டும் பாருங்கள்.

ஆள் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் சொல்லும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் டென்டில் இரண்டு பேர் சௌகரியமாகப் படுக்கலாம்.

துணியும் ஈரமும்

பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த பாலிகாட்டன் கேன்வாஸ் கனமானது, சதுர மீட்டருக்கு 280 கிராம் என்பது வழக்கமான அளவு. மூச்சு விடும், காற்றில் அவ்வளவாகப் படபடக்காது, வெயிலை ஓரளவு மறைக்கும். ஆனால் காய நேரம் எடுக்கும். பாலியெஸ்டர் லேசு, சீக்கிரம் காயும், உள்ளே வியர்க்கும். புதுப் பாலிகாட்டன் டென்டை முதல் பயணத்துக்கு முன் வீட்டிலேயே விரித்து, தண்ணீர் அடித்து, முழுக்கக் காயவிடுங்கள். இழைகள் உப்பித் தையல் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் போய் முதல் மழையில் ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்கள் நிறையப் பேர். 2,000 மி.மீ., 3,000 மி.மீ. என்று போட்டிருப்பது, துணியின் மேல் அத்தனை உயரத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்பதற்கான அளவு. தையலுக்கு நாடா ஒட்டியிருக்கிறார்களா என்பதை அதைவிடக் கவனமாகப் பாருங்கள், ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான்.

வெளியிலிருந்து வரும் ஈரத்தைவிட உள்ளே உண்டாகும் ஈரம்தான் அதிகத் தொல்லை. இரண்டு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு குளிர்ந்த சுவரில் பட்டுத் துளியாகும். அலுமினிய மூடி என்றால், உள்ளே உறை தைக்காத இடங்களில் காலையில் சொட்டும். குளிருகிறது என்று எல்லா ஜன்னலையும் அடைத்தால் நிலைமை மோசமாகும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டை ஒரு விரல்கடை அளவாவது திறந்து வையுங்கள். மெத்தைக்கு அடியில் ஈரம் தேங்கி, யாரும் பார்க்காமலே பூஞ்சை பிடிக்கும். வலை போன்ற மெல்லிய அடிவிரிப்பு ஒன்று இதற்காகவே விற்கிறது. டென்டோடு சேர்த்தே அதையும் வாங்கிவிடுங்கள்.

ஈரத்தோடு மடித்த டென்டை ஓரிரு நாளுக்குள் விரித்துக் காயவைத்தாக வேண்டும். தவறினால் கரும்புள்ளி விழும், வாசம் போகவே போகாது. ஆகவே கடைக்குப் போகும் முன், வீட்டில் எங்கே விரிப்பேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடியின் தாழ்ந்த கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது நிஜமான பிரச்சினை. விரிக்க இடம் இருக்காது, சில இடங்களில் வண்டியே உள்ளே போகாது. நான் டென்ட் மாட்டிய இரண்டாவது வாரத்தில், பழக்க தோஷத்தில் ஒரு வணிக வளாகத்தின் வாகன நிறுத்தத்துக்குள் திருப்பி, உயரம் குறிக்கத் தொங்கவிட்டிருந்த கம்பியை டங்கென்று இடித்தேன். அன்றிலிருந்து வண்டியின் மொத்த உயரம் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சீட்டில் ஒட்டியிருக்கிறது.

மேலே வாழ்வது

நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்து படுத்தால் மெத்தை எப்படி என்பதே கேள்வி. கூடவே வரும் ஃபோம் பெரும்பாலும் 5 முதல் 7 செ.மீ. மல்லாந்து படுப்பவர்களுக்கு அது போதும். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பு பலகையைத் தொடும். மேலே இன்னொரு மெத்தை போடலாம், ஆனால் அதோடு டென்ட் மூடுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். படுக்கையை உள்ளேயே விட்டு மூட முடிவதுதான் ஹார்ட் ஷெல்லின் பெரிய சுகம். அது போய்விட்டால் கொடுத்த காசில் பாதி வீண்.

வண்டி சமதளத்தில் நிற்காவிட்டால் இரவெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் உருண்டுகொண்டே இருப்பீர்கள். சக்கரத்துக்கடியில் வைக்க இரண்டு கட்டை எப்போதும் வண்டியில் இருக்கட்டும். சமமாக்கவே முடியவில்லை என்றால் மேடான பக்கம் தலை வையுங்கள்.

ஏணி. பகலில் விளையாட்டு, இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க இறங்கும்போது தண்டனை. படிகள் மெலிந்த குழாயாக இருந்தால் வெறுங்காலில் ஏற முடியாது, தட்டையான படி உள்ளதா பாருங்கள். சாஃப்ட் ஷெல்லில் ஏணிதான் தளத்தின் கால் என்பதால், ஈர மணலில் அது புதைந்தால் படுக்கையும் சரியும். அடியில் ஒரு பலகை வைப்பது நல்லது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களையும் நாயையும் அழைத்துப் போகிறவர்கள், அவர்கள் எப்படி ஏறி இறங்குவார்கள் என்று முதலில் முடிவு செய்யட்டும். எங்கள் மாமியார் ஒரே ஒரு முறை ஏறினார். இறங்கியபின் வண்டிக்குள்தான் படுப்பேன் என்றுவிட்டார், இன்றுவரை அப்படித்தான்.

உயரத்தில் படுப்பதால் பூச்சி, பாம்பு, தேங்கும் தண்ணீர் ஆகியவற்றிலிருந்து விலகி இருக்கிறோம் என்பது உண்மை. பெரிய விலங்குகளுக்கு அந்த உயரம் ஒன்றுமே இல்லை. சாப்பாட்டை மேலே கொண்டுபோகாதீர்கள். அடுப்போ கரியோ உள்ளே பற்றவைக்கவே கூடாது, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். இடி மின்னல் வந்தால் யோசிக்காமல் கீழே இறங்கி வண்டிக்குள் போய்க் கதவை மூடிக்கொள்ளுங்கள். இரும்பு உடம்பு மின்னலை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடும், துணி வீட்டுக்கு அந்த வசதி இல்லை.

மாட்டுவதற்குக் குறைந்தது இரண்டு பேர், நிம்மதியாக மாட்ட மூன்று பேர் வேண்டும். முதல் 50 கிலோமீட்டருக்குப் பிறகு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள், அப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கையால் ஆட்டிப் பாருங்கள். பயணம் இல்லாத மாதங்களில் கழற்றி வைப்பதே நல்லது. வெயில் துணியையும் உறையையும் தின்னும், எரிபொருள் வீணாகும். ஆனால் 60 கிலோவை இறக்க ஆள் கூப்பிடவேண்டுமே என்று பலரும் வருடம் முழுக்க அப்படியே விட்டுவிடுகிறோம், நான் உட்பட.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் திறந்தவுடன் முதலில் முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசம் வந்தால் அதோடு விட்டுவிடலாம். இல்லையென்றால் மெத்தையைத் தூக்கி அடிப்பலகையைப் பாருங்கள், எல்லா ஜிப்பையும் இரண்டு முறை ஓட்டுங்கள், ஏணியின் பூட்டுகள் கிளிக் என்று விழுகின்றனவா பாருங்கள். கடைசியில் விற்பவரையே தனியாக மூடிக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் பழைய சாஃப்ட் ஷெல்லை மச்சான் குடும்பம் வாங்கிக்கொண்டது. இரண்டு பிள்ளைகள், போன இடத்தில் மூன்று நாள் தங்கும் பழக்கம், சைக்கிள் இரண்டைக் கொண்டுபோவதால் பகலில் வண்டி தேவையில்லை, வீட்டு வாசலில் விரித்துக் காயவைக்கத் தாராளமான இடம். எங்களைப் பாடாய்ப் படுத்திய அதே டென்ட் அவர்களிடம் அமைதியாக இருக்கிறது. அந்த ஜிப் மட்டும் இன்னும் முக்கால்வாசியில்தான் வந்து நிற்கிறதாம். பிள்ளைகள் இரண்டு பேரும் மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள், பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள்.